இரண்டாவது துளை

பாய்ச்சல் என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவர் கண்ணாடிப் பெட்டியின் மேல் பூவை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் டீச்சர் கேட்டுவிட்டாள்.

"அண்ணே, கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

கூடத்தில் இருந்தவர்களின் முணுமுணுப்பு சட்டென்று நின்றது. பெட்டிக்குள் அவள் கணவர், தெரு முழுக்க மெக்கானிக் என்றே அழைத்த மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாகப் படுத்திருந்தார். பிடிக்காத புகைப்படத்துக்கு யாரோ வற்புறுத்தி நிற்கவைத்த மாதிரி இருந்தது முகம். நகக்கண்களில் மட்டும் கறுப்பு அப்படியே இருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

"என்ன கேக்குற தங்கச்சி?" என்றார் பாய்ச்சல். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. மெக்கானிக் கட்டிய பந்தயக் கார்களை முப்பது வருஷமாக ஓட்டியவர் அவர். கொடி இறங்கியதும் மற்றவர்கள் கியரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே முதல் வளைவில் இருப்பார். அப்படி வந்த பெயர். இப்போது அறுபத்தெட்டு வயது.

"அந்தப் பச்சை வண்டிக்கு. எதைப் போடறதுன்னு அவர் முடிவு பண்ணிட்டாரு. எதுன்னு சொன்னாரா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

சுவரோரம் உட்கார்ந்திருந்த நாத்தனார் பக்கத்துப் பெண்ணின் காதில், கூடம் முழுக்கக் கேட்கும்படி, ரகசியம் சொன்னாள். "அதிர்ச்சி. மனசு விட்டு அழுதா சரியாப் போயிடும். பாவம், புருஷனைப் படுக்க வச்சுட்டு இன்ஜின் பேச்சு பேசுறா."

டீச்சருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. முந்தின நாள் காலை பத்து மணியிலிருந்து அவளுக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம். அது தெரியாமல் அழுகை வருவதாகவும் இல்லை.

முந்தின நாள் காலை அவர் கொட்டகையிலிருந்து வந்து அடுக்களை வாசலில் நின்றார். நிலையில் எண்ணெய் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "முடிவு பண்ணிட்டேன்" என்றார். இரண்டு வருஷமாக இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்த முடிவு. அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "கையைக் கழுவிட்டு வந்து சொல்லுங்க, பால் பொங்குது" என்றாள். அவர் சிரித்த மாதிரி இருந்தது. சிரித்தாரா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, திரும்பிப் பார்க்கவில்லையே. இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள். கொட்டகைக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீரை இப்படியா வீணாக்குவது என்று திட்டுவதற்காகத்தான் போனாள்.

நெஞ்சு நின்றுபோய் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார்கள் மருத்துவமனையில். டீச்சருக்கு அந்தக் கணக்கில் சம்மதமில்லை. அவள் போய்ப் பார்த்தபோது அவர் பேசிப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அமரர் வண்டி நாலு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். இன்னும் இரண்டேகால் மணி நேரம் இருந்தது. டீச்சர் எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

அங்கே மகள் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து யார் யாருக்கோ போனில் நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு மின்னணுப் பலகை செய்யும் வேலை அவளுக்கு. முந்தின நாள் மாலை வந்து சேர்ந்தாள். வந்ததிலிருந்து எல்லா ஏற்பாட்டையும் அவள்தான் பார்த்தாள். கொட்டகைப் பக்கம் மட்டும் போகவில்லை.

"அப்பா எதை முடிவு பண்ணியிருப்பாருன்னு நினைக்கிற?"

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "கார்புரேட்டர்தான். சந்தேகமே வேண்டாம்."

"எப்படிச் சொல்ற?"

"இன்ஜெக்‌ஷனுக்கு வேண்டிய எல்லாத்தையும் அவர் பிறந்தநாளுக்கு நான்தானே கொண்டுவந்து குடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி நானே செஞ்சது. ரெண்டு வருஷமா அதை டீ டம்ளர் வைக்கிற மேசையாத்தான் வச்சிருக்காரு. வட்ட வட்டமாக் கறை." மகள் மூக்கை உறிஞ்சினாள். "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம். அப்பறம் பாக்கலாம், அப்பறம் பாக்கலாம்னே ஓட்டிட்டாரு."

"ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?"

மகள் அம்மாவை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரலில் நடுக்கம் குறைந்தது. "கார்புரேட்டர்ல, இன்ஜின் உறிஞ்சுற காத்துதான் பெட்ரோலை இழுத்துட்டுப் போகும். காத்து வேகமாப் போனாத்தான் பெட்ரோல் வரும். மெதுவா ஓடுறப்போ பட்டுனு காலை அமுக்கிட்டா, காத்துக்குப் பின்னாடி பெட்ரோல் பிந்திடும். இன்ஜின் ஒரு நொடி திக்கும். அதனால ஓட்டுறவங்க பாதத்துல பக்குவம் வேணும். இன்ஜெக்‌ஷன்ல காத்தை நம்பி இல்ல. எவ்வளவு காத்து வருது, எவ்வளவு சூடு, கால் எவ்வளவு அமுங்குதுன்னு கம்ப்யூட்டர் பாத்து, அதுக்கு ஏத்த பெட்ரோலைத் தெளிக்கும்."

"பதினாலே முக்கால் பங்கு காத்துக்கு ஒரு பங்கு பெட்ரோல். எடையில."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்தோரு வருஷம் எரிதல் பாடம் எடுத்தேன்டி."

சொல்லிவிட்டு டீச்சரே சற்று யோசித்தாள். முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் எரிதலை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். அடுக்களையிலிருந்து முப்பது அடி தூரத்தில் ஒரு மனிதர் அதே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் போய், என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அவரும் பள்ளிக்கூடத்தில் இன்று என்ன பாடம் என்று கேட்டதில்லை. இரண்டு பேரும் இரவுச் சாப்பாட்டில் மகளைப் பற்றியும் மின்சாரம் போனதைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள்.

மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் பை அலமாரியின் மேல் இருந்தது. அதை எடுத்துப் பிரித்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளே அவர் நேற்றுப் போட்டிருந்த காக்கிச் சட்டை. சட்டைப் பையில் ஒரு பென்சிலும் ஒரு சின்ன நோட்டும் இருந்தன. நோட்டின் மூலைகள் எண்ணெயில் ஊறிக் கண்ணாடிபோல ஆகியிருந்தன.

கையெழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. ஆனால் எத்தனையோ ஆயிரம் விடைத்தாள்களைத் திருத்திய கண்ணுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒவ்வொரு வரியும் பச்சை வண்டியின் ஒரு சோதனை ஓட்டம். தேதி, என்ன மாற்றினார், என்ன நடந்தது. பெரும்பாலும் ஒரே முடிவுதான் எழுதியிருந்தது: நாலாம் வளைவு, வெளியே வரும்போது தடுமாற்றம்.

"ஜெட்னா என்ன?"

"பெட்ரோல் வர்ற பித்தளைத் துளை. இத்துனூண்டு இருக்கும். பெரிசு போட்டா நிறைய வரும்."

ஜெட்டைப் பெரிதாக்கியிருந்தார், தடுமாற்றம் அதே. சிறிதாக்கியிருந்தார், அதே. பெட்ரோல் மட்டத்தை ஏற்றி, இறக்கி, தீப்பொறி விழும் நேரத்தை மாற்றி, பதினொரு ஓட்டம். டீச்சர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தாள். ஒரு முறைகூட இரண்டை ஒன்றாக மாற்றவில்லை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்பதைப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்ற அவள் தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்ட இந்த மனிதருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பன்னிரண்டாவது வரியில் எதையும் மாற்றவில்லை. "நானே ஓட்டினேன். தடுமாற்றம் இல்லை."

டீச்சர் அந்த வரியில் விரலை வைத்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். இரண்டு வாரத்துக்கு முந்தைய தேதி.

"கேட்டில் அவன் வலது செருப்பு கழன்றது. அவனுக்குத் தெரியவில்லை. தெருமுனை வரை ஒற்றைச் செருப்போடு போனான்."

அதற்குக் கீழே, பென்சிலை அழுத்தி எழுதிய சில வரிகள்.

"மேட்டுப் பாதை ஓட்டம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அவன் ஓட்டட்டும். ஒரே தடவை. அப்புறம் டாக்டர்.

எப்படிச் சொல்வது?"

அதோடு நோட்டு முடிந்திருந்தது. கார்புரேட்டர் என்றோ இன்ஜெக்‌ஷன் என்றோ எங்கேயும் இல்லை.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்ல. ஒரு சந்தேகம்" என்று எழுந்தாள் டீச்சர். நோட்டை மூடிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

கொட்டகையில் ஏற்கெனவே பாய்ச்சல் இருந்தார். ஷூவைக் கூடத்து வாசலில் கழற்றியவர் அப்படியே வெறுங்காலோடு வந்திருந்தார். நடுவில் பச்சை வண்டி, ஓட்டிப் பார்த்தபின் இன்ஜினை இறக்கிய இடம் திறந்து கிடக்க, சக்கரங்கள் இல்லாமல் கட்டைகளின் மேல் நின்றது. ஒற்றை ஆள் உட்காரும் வண்டி, அறுபது வயது. அவரும் மெக்கானிக்கும் சேர்ந்து ஒரு பழைய கிடங்கின் பின்பக்கத்திலிருந்து, மேலே கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில், அதை மீட்டு வந்திருந்தார்கள்.

மேசையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இந்தப் பக்கம் இரட்டை வாய் கார்புரேட்டர்கள் இரண்டு, எண்ணெய் பூசிய காகிதத்தின் மேல். அந்தப் பக்கம் மகள் கொடுத்த பம்பும் குழாய்களும் பெட்டியும். பெட்டியின் மேல் டீக் கறை வட்டங்கள்.

"பாரு தங்கச்சி" என்றார் பாய்ச்சல். "கார்புரேட்டரைத் தொடச்சு எண்ணெய் போட்டு வச்சிருக்கான். அதுதான் அவன் முடிவு. வேற என்னவா இருக்கும்? அந்த உறிஞ்சுற சத்தம் கேக்கணும்னுதான் அவன் வண்டியே கட்டுறான். சத்தம் இல்லாத இன்ஜினுக்குத் தையல் மெஷின் போதும்டான்னு ரெண்டு வருஷமா நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன்."

"போடப் போற பொருளையும் தொடச்சு வைப்பாங்க. மூட்டை கட்டி மேல வைக்கப் போற பொருளையும் தொடச்சுத்தான் வைப்பாங்க அண்ணே."

பாய்ச்சல் கார்புரேட்டரை மறுபடி பார்த்தார். "அதுவும் சரிதான்."

அவர் மேசையின் மறுபக்கம் போய் அலமாரியைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்தார். டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சிமெண்டுத் தரையைப் பார்த்தாள். அவர் நடந்த வழியில், ஓரடிக்கு ஒன்றாக, சிவப்புப் பொட்டுகள்.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க."

"எதுக்கு?"

"இந்த டயர் மேல உக்காருங்க. காலைக் காட்டுங்க."

பாய்ச்சல் குனிந்து பார்த்தார். தரையில் தான் போட்ட கோட்டைத் தானே பார்த்ததும், காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளையின் முகம் வந்தது அவருக்கு. டயர் மேல் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது முழங்கால் மேல் வைத்தார். குதிகாலுக்கு முன்னால், ஒரு நகத்தின் நீளத்துக்கு, சுருண்ட உலோகத் துருவல் ஒன்று உள்ளே போயிருந்தது.

"எப்பக் குத்துச்சு இது?" என்று காலைக் கேட்பதுபோலக் கேட்டார்.

டீச்சர் மேசையில் ஜெட் எடுக்க வைத்திருந்த இடுக்கியை எடுத்தாள். தீக்குச்சியைக் கிழித்து இடுக்கியின் நுனியைச் சுடரில் காட்டினாள். கீழே உட்கார்ந்து பாதத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். அவர் முகம் சுளிக்கவில்லை. வேறு யாருடைய காலையோ யாரோ வைத்தியம் பார்ப்பதை வேடிக்கை பார்ப்பவர்போல இருந்தார்.

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும். சர்க்கரைதான். முதல்ல விரலு. இப்பப் பாதம் பூரா. பஞ்சு மேல நடக்குற மாதிரி."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தா வண்டி ஓட்டாதேம்பான். அதைக் கேக்க எதுக்கு டாக்டரு?" பச்சை வண்டியைப் பார்த்தார். "அவனுக்குத் தெரியாது. தெரியக் கூடாதுன்னுதான் கார்புரேட்டர் கார்புரேட்டர்னு கத்தினேன். நானே இன்ஜெக்‌ஷன் போடுடான்னு சொன்னா, ஏன்டான்னு கேப்பான்ல?"

டீச்சர் காயத்தைத் துடைத்து, சுத்தமான துணியைத் தேடிக் கிழித்துக் கட்டினாள். பிறகு இடுக்கியிலிருந்த துருவலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளையாக, லேசாக, அப்போதுதான் கத்திரித்ததுபோல மினுமினுப்பாக இருந்தது. பழசில்லை.

"இது என்ன உலோகம்? அலுமினியமா?"

"அலுமினியம்தான். ட்ரில் போட்ட துருவலு."

"எதுல போட்டது?"

பாய்ச்சல் நிமிர்ந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார்கள். மூலையில் ட்ரில் இருந்தது. அதன் கீழே ஒரு சாக்கு, ஏதோ ஒன்றின் மேல் போர்த்தியிருந்தது. டீச்சர் போய்ச் சாக்கை விலக்கினாள். வண்டியின் பெட்ரோல் டேங்க், கழற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பழைய குழாய் மாட்டும் வாய் ஒன்று மங்கலாக இருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, புத்தம் புதிதாக, ஒரு துளை. தூசு விழக் கூடாதென்று பழைய பனியன் துணியைச் சுருட்டி அடைத்திருந்தார்.

பாய்ச்சல் நொண்டாமல் நடந்து வந்தார். அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. துணியை எடுத்துவிட்டு விரலை விட்டுப் பார்த்தார். பிசிறு இல்லாமல் அரம் போட்டிருந்தது.

"இது எதுக்கு அண்ணே?"

"திரும்பி வர்ற வழி" என்றார் மெதுவாக. "கார்புரேட்டருக்கு ஒரு குழாய் போதும். வேணுங்கிறதை அது எடுத்துக்கும். இன்ஜெக்‌ஷன்ல பம்பு நிறுத்தாம தள்ளிக்கிட்டே இருக்கும். மிச்சம் டேங்குக்கே திரும்பி வரணும்."

"வேற எதுக்கும் இந்தத் துளை வேண்டியிருக்காதா? காத்து போறதுக்கு?"

"அதுக்கு மூடியிலேயே வழி இருக்கு. இந்த வண்டிக்கு வேற எதுக்கும் இது வேண்டாம்."

அப்படியானால் நேற்றுக் காலை கழுவப் போன கையில் இருந்தது இந்தத் துளை போட்ட எண்ணெய்தான். டீச்சர் துளையின் ஓரத்தைத் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். மனதுக்குள் எங்கோ ஒரு முடிச்சு தளர்ந்தது; அந்த இடத்திலேயே வேறொன்று இறுகியது. பன்னிரண்டு ஓட்டம் ஓட்டிப் பார்த்து நண்பனின் பாதத்தைக் கண்டுபிடித்த மனிதர், போன மாதம் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கியபோது வெயில் என்றார். அவளும் மோர் கரைத்துக் கொடுத்தாள். இரண்டு பேரில் ஒருவராவது அங்கேயும் ஒரு தேதி போட்டு எழுதியிருக்கலாம்.

"புரியலையே" என்றார் பாய்ச்சல். "அவனுக்கு இது பிடிக்காது தங்கச்சி. எனக்குத் தெரியாதா? எதுக்காக இப்படி..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

டீச்சர் நோட்டை அந்தப் பக்கத்தில் பிரித்து அவரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைத் தேடி, அது கிடைக்காமல், கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். உதடு அசைந்தது. செருப்பு என்ற வரியில் அசைவது நின்றது.

"நாய் தூக்கிட்டுப் போயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார். "மறுநாள் பாத்தா இவன் கையில இருக்கு. கேட்டுப் பக்கத்துல கிடந்துச்சுடான்னு குடுத்தான். வேற ஒரு வார்த்தை கேக்கல."

நோட்டை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் கேட்கவுமில்லை.

"டாக்டரை எப்பப் பாக்கலாம்?" என்றாள் டீச்சர்.

"அந்த ஓட்டம் முடியட்டுமே."

"ஓட்டத்துக்கு முன்னாடி."

"அவன் பின்னாடின்னுதான எழுதியிருக்கான்?"

"அவர் மெக்கானிக். நான் டீச்சர். முன்னாடிதான்."

பாய்ச்சல் சரி என்பதுபோலத் தலையை அசைத்தார். இல்லை என்பதாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தெருவில் வண்டி வந்து நின்றது. கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் உயர்ந்தது. மகள் தேடிக்கொண்டு கொட்டகை வாசல் வரை வந்தாள். உள்ளே கால் வைக்காமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வந்துட்டாங்கம்மா. தெரிஞ்சுதா?"

"உன் பெட்டிதான்" என்றாள் டீச்சர். "டேங்கில துளைகூடப் போட்டு வச்சுட்டாரு."

மகளின் கண் மேசைக்குப் போய் டேங்குக்கு வந்தது. "நிஜமாவா? கடைசியில எதைப் பாத்து ஒத்துக்கிட்டாரு? கம்ப்யூட்டர் நல்லா இருக்குன்னா?"

டயர் பக்கத்தில் நின்ற பாய்ச்சல் எங்கோ பார்த்தார்.

"பன்னெண்டு தடவை சோதிச்சுப் பாத்துட்டுத்தான்டி" என்றாள் டீச்சர். "நோட்டுல இருக்கு. அப்புறம் மாமாகிட்டக் கேட்டு வாங்கிப் படி. அவர் குடுக்கிறப்போ."

மகள் உள்ளே வந்தாள். டேங்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, துளைக்குள் ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. டீச்சர் அவள் தலையில் கை வைத்துச் சற்று நின்றாள். பிறகு மூவரும் வெளியே வந்தார்கள்.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே முற்றத்தில் சரளைக் கற்கள் கொட்டிக் கிடந்தன. யாரோ காலையில் பூந்தொட்டி ஒன்றைத் தள்ளி உடைத்திருந்தார்கள். பாய்ச்சல் தலையைத் தூக்கி, கூடத்தைப் பார்த்தபடி, துணி கட்டிய வெறுங்காலோடு நடந்தார். டீச்சர் அவருக்கு இரண்டடி முன்னால் போனாள். தரையைப் பார்த்துக்கொண்டே, வழியில் கிடந்த ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாகக் காலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.